மக்காச்சோள மஞ்சள் பட்டும் கறுப்பு லேஸும்: 1865 பாணி நடன கவுன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலை என் கைக்கு வந்தபோது கவுன் ஏறக்குறைய முடிந்திருந்தது. இங்கிலாந்தின் டார்பிஷர் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடனங்களைப் பழகி ஆடும் குழு ஒன்றில் இருக்கும் பெண்மணி, குளிர்கால நடன விருந்துக்காகத் தானே தைத்தது. மக்காச்சோள மஞ்சள் நிற டஃபேட்டா பட்டு. தோளிலிருந்து இறங்கிய கழுத்து, குட்டைக் கை, முன்னால் தட்டையாகவும் பின்னால் விரிந்தும் விழும் பாவாடை. வெட்டும் தையலும் குறை சொல்ல முடியாதவை. அவர் கேட்டது ஒன்றுதான்: "லேஸ் வைத்து இதை விக்டோரியன் ஆக்கித் தாருங்கள்." கூடவே இணையத்தில் எடுத்த ஒரு படத்தையும் நீட்டினார். கழுத்து, கை, இடுப்பு, பாவாடையின் ஒவ்வொரு மடிப்பு என்று எங்கு பார்த்தாலும் பழுப்பு லேஸ்.

கவுனை ஒரு காலத்துக்கு உரியதாக்குவது வெட்டு. அது இங்கே ஏற்கெனவே நடந்துவிட்டது. வெட்டு சொல்லும் ஆண்டோடு லேஸ் ஒத்துப்போகலாம், அல்லது அதைப் பொய்யாக்கலாம். அதற்கு மேல் லேஸால் எதுவும் முடியாது. ஆகவே "எந்த லேஸ் அழகு?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, "இந்த கவுனின் சொந்தக்காரி 1865-இல் எந்த லேஸை வைத்திருப்பாள், அதை இதன் மேல் எப்படிப் போட்டிருப்பாள்?" என்பதிலிருந்து தொடங்கினோம்.

எந்த ஆண்டு, யாருடைய உடை

விக்டோரியா அரியணையில் இருந்தது 1837 முதல் 1901 வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட காலத்தை ஒரே பாணியாக நினைப்பதுதான் மறுஆக்க உடைகளில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம். 1840-களில் பளபளக்கும் பட்டு நூலில் செய்த பிளாண்ட் லேஸுக்கு இன்னும் மவுசு இருந்தது. 1850-களில் பாவாடையில் அடுக்கடுக்காக லேஸ் பட்டைகள் வந்தன. 1856-இல் எஃகு வளையக் கிரினோலின் வந்ததும் அந்த அடுக்குகளைத் தாங்க ஒரு கூண்டு கிடைத்தது. 1860-களின் நடுவில் பாவாடையின் கனம் பின்னால் நகர்ந்தது. அடுக்குகள் குறைந்து, ஒன்றிரண்டு பெரிய பட்டைகளும், பெர்த்தா எனப்படும், கழுத்தோரத்திலிருந்து தோளைச் சுற்றி விழும் அகலமான லேஸ் காலரும் நின்றன. பழுப்பேறிய லேஸ் மேல் ஆசை பெருகியது அதற்கும் பிறகு, பின்புறம் புடைத்த பஸ்ஸில் பாவாடைகளின் காலத்தில். வாடிக்கையாளர் காட்டிய படத்தில் இருந்த தடித்த ரோஜா லேஸோ 1880-களுக்கு முன் பிறக்கவே இல்லாத வகை. அதாவது படத்தில் மூன்று தலைமுறை ஒரே உடலில் ஏறியிருந்தது.

ஆண்டுக்கு அடுத்தது ஆள். திருமணமாகாத இளம்பெண் நடன விருந்துக்கு டூல் வலை, டார்லட்டன் மஸ்லின் போன்ற லேசான துணிகளில் வருவதுதான் அன்றைய வழக்கம். விலையுயர்ந்த பட்டும் அகலமான லேஸும் மணமான பெண்களின் உரிமை. நம் வாடிக்கையாளருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நாட்டிங்காம் லேஸ் வியாபாரி ஒருவரின் மனைவியாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டு வர விரும்பினார். இது எனக்குப் பெரிய உதவி. நாட்டிங்காமின் லேஸ் மார்க்கெட் பகுதியில் தாமஸ் ஆடம்ஸ் கட்டிய பிரம்மாண்டமான கிடங்கு 1855-இல் திறந்தது. 1865-இல் அந்த ஊரே எந்திர லேஸில் பிழைத்தது. அப்படிப்பட்ட வீட்டு அம்மாள் எந்திர லேஸ் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டிருக்க மாட்டாள் என்பது என் கணிப்பு. கையால் செய்தால்தான் அசல் என்ற கவலை இதோடு தீர்ந்தது.

வெறுமையாக நிற்கும் கவுன்களை நம்ப வேண்டாம்

சான்றுக்கு எங்கே போவது? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் வேறு பல சேகரிப்புகளிலும் 1860-களின் நடன கவுன்கள் இருக்கின்றன. பார்த்தால் பலவற்றில் லேஸே இல்லை. அதை வைத்து, அன்று லேஸ் குறைவாகத்தான் போட்டார்கள் என்று முடிவுக்கு வருவோரும் உண்டு. உண்மை நேர்மாறானது. நல்ல லேஸ் பட்டுத் துணியைவிட மதிப்பானது. கவுன் பழசானாலோ பாணி மாறினாலோ லேஸைப் பிரித்தெடுத்து அடுத்த கவுனில் ஏற்றினார்கள், மகளுக்குக் கொடுத்தார்கள், விற்றார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது மிச்சம். கழுத்தோரத்தைக் கூர்ந்து பார்த்தால் பழைய ஊசித் துளைகளும், வெயில் படாததால் வெளுக்காமல் தப்பிய பட்டைகளும் லேஸ் இருந்த இடத்தைக் காட்டும்.

அரசியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1840 திருமணத்துக்கு விக்டோரியா அணிந்த ஹானிட்டன் லேஸை டெவன் மாவட்டத்தின் பியர் என்ற கடலோர ஊரிலும் அதைச் சுற்றியும் இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் 1839-இல் செய்தார்கள். மேற்பார்வை ஜேன் பிட்னி. வடிவத்தை வேறு யாரும் நகல் எடுக்கக்கூடாதென்று வரைபடங்கள் அழிக்கப்பட்டன. அந்த லேஸ் ஒரு நாள் கூத்தாக முடியவில்லை. பிற்காலத்தில் வேறு உடைகளின் மேல் ஏறி அரசியோடு குடும்ப விழாக்களுக்கு வந்தது. 1885-இல் கடைசி மகள் பீட்ரிஸின் திருமண உடையிலும் இருந்தது. பட்டு மாறிக்கொண்டே இருந்தது, லேஸ் தொடர்ந்தது.

இதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் இந்த வேலை முழுவதையும் நடத்தியது: லேஸை கவுனின் பகுதியாக நினைக்கக்கூடாது. அது தனிச் சொத்து. கவுனுக்கு ஓரிரவு இரவல் தரப்படுகிறது. அப்படி நினைத்தால் வாங்கும் தரம் மாறும், அளவு மாறும், தைக்கும் முறையும் மாறும். பத்து மீட்டர் மலிவு லேஸுக்குப் பதில் மூன்று மீட்டர் நல்ல லேஸ் வாங்கத் துணிவு வரும்.

மேசைக்கு வந்தவை

வாடிக்கையாளர் ஏற்கெனவே சில மாதிரிகளை வாங்கி வைத்திருந்தார். நானும் சிலவற்றைக் கொண்டுவந்தேன்.

முதலில் விழுந்தது அகலமான வெள்ளைச் செயற்கை இழை லேஸ். விலை மலிவு, பூ வேலையும் பார்வைக்கு மோசமில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடிவலையில் சங்கிலித் தையல் போன்ற கண்ணிகள் நெடுக ஓடுவது தெரியும். அது ராஷல் எந்திரத்தில் பின்னிய லேஸ். இருபதாம் நூற்றாண்டின் சரக்கு. பழைய எந்திர லேஸில் நூல்கள் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றியிருக்கும், கண்ணி இருக்காது. ஓர் இழையைக் கொளுத்தினால் பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு, நசுக்கினால் பொடியாகும் கறுப்புத் துணுக்காகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இது மணியானது. எனக்கு இழையைவிட அதன் விழும் தன்மைதான் தடை: டஃபேட்டாவின் மேல் படியாமல் விறைத்து நின்றது, விளக்கடியில் பிளாஸ்டிக் மினுக்கு மினுக்கியது.

அடுத்தது, கடைகளில் கிப்யூர் என்று விற்கும் தடித்த ரோஜா லேஸ். அடிவலை கிடையாது, பூக்களைச் சிறு பாலங்கள் இணைக்கும். இதன் செய்முறை சாமர்த்தியமானது. ஷிஃப்லி எந்திரத்தில் வேறொரு துணியின் மேல் பூவேலை செய்து, அந்தத் துணியை மட்டும் ரசாயனத்தில் கரைத்துவிடுவார்கள். சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனிலும் ஜெர்மனியின் பிளாவனிலும் 1880-களில் பெருகிய தொழில் அது. 1890-களின் கவுனாக இருந்தால் யோசிக்காமல் எடுத்திருப்பேன். 1865-க்கு இல்லை. கனமும் ஒரு காரணம்: பெர்த்தாவாக வைத்தால் கழுத்தோரத்தையே கீழே இழுக்கும்.

கல்யாணக் கடைகளின் அலென்சோன் லேஸும் வந்திருந்தது. பூக்களைச் சுற்றித் தடித்த கயிறு ஓட்டியது, அதில் பாசியும் ஜிகினாவும். நம் காலத்து மணப்பெண்ணுக்கு நன்றாக இருக்கும் என்பதோடு விட்டுவிட்டோம்.

சிக்கலானது நான்காவது. வாடிக்கையாளரின் பாட்டி வழி வந்த ஹானிட்டன் பெர்த்தா, நீலக் காகிதத்தில் சுற்றி வைத்தது. இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான் கவுனே தைக்க வைத்தது என்று பிறகு சொன்னார். ஹானிட்டனில் ஒவ்வொரு பூவும் இலையும் தலையணை மேல் பாபின்களால் (நூல் சுற்றிய சிறு கட்டைகளால்) தனித்தனியாகச் செய்யப்படும். பிறகு எந்திர வலையின் மேல் தைத்து ஒட்டப்படும். வலையைத் தந்தது ஜான் ஹீத்கோட் 1809-இல் காப்புரிமை பெற்ற பாபினெட் எந்திரம். 1816-இல் அவருடைய லஃப்பரோ ஆலையை லட்டைட்டுகள் என்ற எந்திர எதிர்ப்பாளர்கள் உடைத்ததும் அவர் டெவனின் டிவர்ட்டனுக்குக் குடிபெயர்ந்தார். கைவேலைக்காரர்களின் ஊருக்குப் பக்கத்திலேயே எந்திர வலை வந்து இறங்கிய கதை அது. (இதே தலையணை லேஸை 1820-களில் மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுத் தந்தார், அவர் மகள் எலைசா, கால்டுவெல்லின் மனைவி, அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். குமரி, நெல்லைப் பக்கத்து வாசகர்கள் சிலருக்கு இந்தப் பாபின்களின் சத்தம் பழக்கமாக இருக்கலாம்.)

பாட்டியின் பெர்த்தாவில் பூக்கள் திடமாக இருந்தன, வலை இற்றுப்போயிருந்தது. தோள்பட்டை வரும் இரண்டு இடத்திலும் கிழிசல். புதிய வலையில் பூக்களை மாற்றி ஒட்டலாம். அந்தக் காலத்திலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் கையை உயர்த்தி இறக்கி, சுழன்று, வியர்த்து ஆடும் வால்ட்ஸுக்கு அது ஏற்றதல்ல. பழைய லேஸை வெட்டுவதில்லை, வியர்வை படும் இடத்தில் போடுவதில்லை என்பது என் கொள்கை. அவர் முகம் வாடியது. பதிலாக அந்த பெர்த்தாவின் அகலத்தையும், தோளில் அது வளையும் விதத்தையும் காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டேன். புதிய பெர்த்தாவுக்கு அதுவே அச்சானது. 2008 முதல் பிரிட்டிஷ் அரச குடும்பக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது அணிவிக்கப்படுவதும் 1841-இல் செய்த அங்கியின் நகல்தான், அசல் பத்திரமாக இருக்கிறது என்று சொன்ன பிறகு சமாதானமானார். அந்த நகலுக்குப் பழைய நிறம் வரத் தேயிலைச் சாயம் ஏற்றினார்கள் என்ற செய்தியும் அவருக்குப் பிடித்தது. உடனே "அப்படியானால் நம் லேஸையும் டீயில் முக்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஞானஸ்நான அங்கியின் நகல், வயதான அசலைப் போலத் தெரிய வேண்டும். நடன கவுன் 1865-இல் புதிதாக இருந்தது போலத் தெரிய வேண்டும். அன்று அவளுடைய லேஸ் பழசாகி இருந்திருக்காது.

வெளிச்சம் தந்த தீர்ப்பு

மீதி இருந்தவை இரண்டு: இளவெண்மைப் பருத்தி லேஸ், ஷான்டிலி என்ற வகைக் கறுப்பு லேஸ். பகல் வெளிச்சத்தில் வெண்மை மென்மையாகவும் கறுப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் தெரிந்தன. வாடிக்கையாளர் மட்டுமல்ல, நானும் அப்போது வெண்மைப் பக்கம்தான் சாய்ந்தேன்.

ஆனால் நடன கவுன் பகலில் போடுவதில்லை. மெழுகுவர்த்தி, வாயு விளக்கு இரண்டின் வெளிச்சமும் மஞ்சள் நிறம். அதன் கீழே வெளிர்மஞ்சள் துணி வெளுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடும். அந்தக் காலத்துப் பெண்கள் நடனத்துக்கான பட்டுத் துணியை விளக்கொளியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். திரையை இழுத்துவிட்டு, மஞ்சள் ஒளி விளக்கை மட்டும் எரியவிட்டு, இரண்டு லேஸையும் பட்டின் மேல் பரப்பி அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தோம். இளவெண்மை லேஸ் காணாமல் போயிற்று. பட்டும் அதுவும் ஒன்றாகக் கலந்து, பூக்கள் இருந்த இடமே தெரியவில்லை. கறுப்பு ஷான்டிலி ஒவ்வோர் இதழோடும் நின்றது. நடன விருந்து நடக்கவிருந்த மண்டபத்திலும் மஞ்சள் ஒளிச் சரவிளக்குகள்தான். அதோடு விவாதம் முடிந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: கறுப்பு என்றால் துக்கம் இல்லையா? 1861 டிசம்பரில் இளவரசர் ஆல்பர்ட் இறந்த பிறகு அரசி கடைசி வரை கறுப்பிலேயே இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஆழ்ந்த துக்கத்துக்கு விதித்தது மினுக்கமில்லாத கிரேப் துணி. பளபளக்கும் வண்ணப் பட்டின் மேல் கறுப்பு லேஸ் போடுவதைத் துக்கமாக யாரும் எண்ணியதில்லை. 1850-களிலும் 1860-களிலும் அது பணக்கார நாகரிகம். வெளிர்மஞ்சள், ரோஜா நிறம், மரகதப் பச்சை எல்லாவற்றின் மேலும் ஏறியிருக்கிறது.

ஷான்டிலியை எப்படிப் பார்ப்பது

இந்த லேஸின் பெயர் பாரிஸுக்கு வடக்கே இருக்கும் ஊருடையது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது பெரும்பாலும் நார்மண்டியின் பையூ, கான் ஊர்களிலும் பெல்ஜியத்தின் ஹெராட்ஸ்பெர்கனிலும் செய்யப்பட்டது. நன்றாக முறுக்கிய பட்டு நூல். முறுக்கினால் பட்டின் பளபளப்பு அடங்கிவிடும், அதனால் பலர் அதைப் பருத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். பூக்களின் உட்புறம் அடர்த்தியாக நிரப்பப்படாமல் அரைத்தையலில் சன்னமாக இருக்கும். அடர்த்தியைக் கூட்டிக் குறைத்துக் கறுப்பிலேயே நிழலும் வெளிச்சமும் காட்டுவார்கள். ஒரு சால்வை அளவு லேஸை ஒருத்தியே செய்ய ஆண்டுகள் ஆகும் என்பதால் பட்டைகளாகப் பலர் செய்து, கண்ணுக்குத் தெரியாத தையலால் இணைத்தார்கள்.

எந்திரம் இதைத் துரத்திப் பிடித்த வேகம் வியப்பானது. ஜான் லீவர்ஸ் நாட்டிங்காமில் 1813-இல் தன் எந்திரத்தை அமைத்தார். அதோடு, துளையிட்ட அட்டைகளால் வடிவத்தை இயக்கும் ஜக்கார்டு அமைப்பு இணைந்த பிறகு எந்தப் பூவையும் எந்திரமே போடும் நிலை வந்தது. எந்திர ஏற்றுமதிக்குத் தடை இருந்தபோதே நாட்டிங்காம் ஆட்கள் அவற்றைப் பிரித்து ஒளித்துக் கலேவுக்குக் கடத்தினார்கள். இன்று கலேயும் கோட்ரியும் லீவர்ஸ் லேஸின் தலைநகரங்களாக இருப்பதற்கு அந்தக் கள்ளக் கடத்தலே வித்து. இங்கிலாந்தில் இந்தத் தொழில் சுருங்கி, டார்பிஷரின் இல்கெஸ்டனில் இருக்கும் குளூனி லேஸ் நிறுவனத்தோடு நிற்கிறது. 1860-களில் எந்திர ஷான்டிலியைக் கைவேலையிலிருந்து பிரித்தறியக் கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது: பூவின் விளிம்பில் ஓடும் தடித்த நூல் கைவேலையில் பின்னலோடு கலந்தே செல்லும், எந்திர லேஸ் பலவற்றில் அது பிறகு ஊசியால் ஓட்டியதாக இருக்கும், அல்லது பூ முடியும் இடத்தில் வெட்டிய நுனி தெரியும்.

பழைய கறுப்பு ஷான்டிலியே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். சந்தையில் கிடைக்கிறது, சில சமயம் புதியதைவிட மலிவாகவும். ஆனால் கறுப்புச் சாயத்துக்கு அன்று இரும்பு உப்பைச் சேர்த்தார்கள். அது பட்டு நூலை உள்ளிருந்தே அரிக்கும். பார்க்க முழுசாக இருக்கும், விரலால் இழுத்தால் பொடியாகும். ஆடும் உடைக்கு ஆகாது.

எனவே கோட்ரியில் லீவர்ஸ் எந்திரத்தில் செய்த புதிய ஷான்டிலி. எல்லாப் புதிய ஷான்டிலியும் 1865-க்குப் பொருந்தாது. நான் பார்த்தவை: வளைவான ஓரத்தில் பெரிய பூங்கொத்து, மேலே போகப் போகச் சிறு கொடிகள், அதற்கும் மேல் புள்ளிகள் மட்டும் தூவிய வலை. ரோஜாவோ பெரணியோ என்று பெயர் சொல்லும்படி இயற்கையாக வரைந்த பூக்கள். எங்கும் ஒரே அளவில் சிதறிய தட்டை இலைகள் இருந்தால் அது நம் நூற்றாண்டின் கண். இன்னொன்று, இன்றைய ஷான்டிலியின் ஓரத்தில் இமைமயிர் போல மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது அதை விரும்பிக் கேட்கிறார்கள். விக்டோரியா கால லேஸின் ஓரம் நுண்ணிய சுழிகளோடு சுத்தமாக முடியும். கூரான சிறு கத்தரிக்கோலால் அந்த இழைகளை ஒட்ட நறுக்கினோம். அலுப்பான வேலைதான், ஆனால் லேஸின் வயதை மாற்றியது இதுவே.

அளவுக் கணக்கு

ஷான்டிலி பொதுவாக 3 மீட்டர் துண்டாக, இரு பக்க நெடுக்கிலும் வளைவோரத்தோடு கிடைக்கும். அதாவது ஒரு துண்டு வாங்கினால் இரண்டு ஓரமாக 6 மீட்டர் பட்டை. நடுவில் பூ வலை உபரி. பலர் இதைக் கவனிக்காமல் இரண்டு துண்டு வாங்கிவிடுகிறார்கள். விலையைக் கேட்டால் இந்த விவரத்தின் அருமை புரியும்.

பாவாடையின் கீழ்ச்சுற்றளவு 4.2 மீட்டர். லேஸ் பட்டையின் ஆழம் 20 செ.மீ. என்று வைத்து, அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி இடம் குறித்தோம். தைக்கும் மேல்கோட்டில் சுற்றளவு 3.2 மீட்டர். இங்கேதான் கணக்குத் தப்பும். கிரினோலின் பாவாடை கூம்பு; 20 செ.மீ. கீழே இறங்குவதற்குள் சுற்றளவு 3.7-ஐத் தாண்டிவிடும். மேல்கோட்டை அளந்து லேஸை வெட்டினால் கீழே இழுத்துப் பிடித்துப் பட்டையே மேலே சுருண்டுவிடும். கீழ்விளிம்பை அளந்துதான் வெட்ட வேண்டும்: 3.8 மீட்டர். மேலே மிகையாகும் 60 செ.மீ. சுற்றிலும் சீராக லேசாகச் சுருக்கி அடக்கப்பட்டது. ஷான்டிலிக்கு இதற்கு மேல் சுருக்கம் கூடாது. வரைந்த பூ மடிப்பில் மறைந்தால் அந்த விலை கொடுத்தது எதற்கு?

ஓர் ஓரத்தின் 3 மீட்டரோடு அடுத்த ஓரத்திலிருந்து 1.1 மீட்டர் எடுத்து, இரண்டு இணைப்பிலும் ஒரு வளைவளவு, 15 செ.மீ., ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினோம். இணைப்பை நேர்கோட்டில் வெட்டவில்லை. பூவின் விளிம்பைச் சுற்றி வெட்டி, கறுப்புப் பட்டு நூலால் இதழோரமாகவே தைத்தது. மீதி 1.9 மீட்டரில் பெர்த்தாவுக்கு 1.3 போக, 60 செ.மீ. பழுதுபார்க்க ஒதுக்கி வைத்தோம். வாடிக்கையாளர் அதைக் கையோரத்தில் வைக்கச் சொன்னார். நான் விடவில்லை. கைகளுக்கு டூல் வலைப் புடைப்பு போதும்.

கழுத்தின் உள்விளிம்பில், தோலுக்கும் பட்டுக்கும் நடுவே, 2 செ.மீ. அகல வெள்ளை வாலன்சியென் பாணிப் பருத்தி லேஸ். இது இல்கெஸ்டனில் செய்தது. கழுத்தளவு 1 மீட்டர் என்றால் இதற்கு 2 மீட்டர் வேண்டும். தலைப்பில் ஓடும் நூலை இழுத்தால் தானாகச் சுருங்கிக் கொடுக்கும். சிறிய சமாச்சாரம் என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆனால் கறுப்பு லேஸ் நேரடியாகத் தோளில் கிடந்தால் முகத்தின் நிறம் மங்கும்; இடையில் ஒரு வெள்ளைக் கோடு வந்ததும் எல்லாம் தெளிந்தது. வியர்வையைத் தாங்குவதும், கழற்றித் துவைக்கப்படுவதும் அதுவே, பட்டு தப்பித்துக்கொள்கிறது.

தைத்த விதம்

பெர்த்தாவை நேரே பாடிஸில் (கவுனின் மேல்பகுதியில்) தைக்காமல், பாட்டியின் அச்சை வைத்துப் பருத்தி பாபினெட்டில் ஓர் அடித்தளம் வெட்டி, அதன் மேல் லேஸை அமைத்தோம். முன் நடுவிலும் பின் நடுவிலும் தட்டையாக, சுருக்கம் முழுவதும் தோள் வளைவில். பிறகு அந்த முழுத் துண்டையும் கவுனில் நூலோட்டிப் பிடித்தது. பிரிக்க ஐந்து நிமிடம் போதும்.

பாவாடைப் பட்டையையும் கையால்தான் ஓட்டினோம், ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளியில், ஒற்றை இழைப் பருத்தி நூலில். எந்திரத்தில் அடித்தால் உறுதியாக இருக்குமே என்றார் வாடிக்கையாளர். உறுதியாக இருப்பதுதான் ஆபத்து. கூட்டமான தளத்தில் யாராவது ஓரத்தை மிதித்தால் ஏதோ ஒன்று அறுந்தே ஆக வேண்டும். நூல் அறுந்தால் ஊசி போதும், லேஸ் கிழிந்தால் கதை முடிந்தது. அக்கால நடன விருந்துகளில் பெண்கள் ஒப்பனை அறையில் ஊசி நூலோடு பணிப்பெண் ஒருத்தி காத்திருந்தது சும்மா இல்லை.

நடன இரவில் கேலப் ஆடும்போது அதுதான் நடந்தது. யாரோ ஒருவருடைய பூட்ஸ் மேலே பட்டு, பின்புறம் இரண்டு கைப்பிடி நீளத்துக்குப் பட்டை இறங்கியது. நூல் மட்டுமே அறுந்திருந்தது. குண்டூசிகளைக் குத்திக்கொண்டு அடுத்த குவாட்ரில்லுக்குத் திரும்பிவிட்டார். பெர்த்தாவில் வேறொரு குறை தெரிந்தது: கையை உயர்த்தும்போது வலது தோளில் லேஸ் மேலேறி, கூட்டாளியின் கோட் பொத்தானில் ஒருமுறை மாட்டியது. ஓரச் சுழிகளில் ஒன்று அறுந்தது. தோளில் வைத்த சுருக்கத்தை இன்னும் கொஞ்சம் பின்பக்கம் தள்ளினால் இது நடக்காது. அடுத்த முறைக்கு அச்சிலேயே குறித்துவைத்திருக்கிறேன்.

விளக்கடியில் எடுத்த படங்களில் பட்டு வெண்ணெய் நிறமாகவும் அதன் மேல் பூக்கள் ஒவ்வொன்றும் எண்ணிவிடும்படியும் இருக்கின்றன. செலவைப் பொறுத்தவரை, அந்த ஒரு துண்டு ஷான்டிலி கவுனின் பட்டு மொத்தத்துக்கும் ஆன விலையை நெருங்கியது. வாடிக்கையாளர் முதலில் முணுமுணுத்தார்.

இப்போது லேஸைப் பிரித்து, அமிலமற்ற மெல்லிய காகிதம் சுற்றிய அட்டைக் குழாயில் மடிப்பு விழாமல் உருட்டி வைத்திருக்கிறோம். அவருக்கு அடுத்து 1872 பாணியில் பஸ்ஸில் கவுன் ஒன்று வேண்டுமாம், கருஞ்சிவப்புப் பட்டில். கேட்டதும் நான் முதலில் எடுத்தது அளவுநாடா. முன்பக்க ஏப்ரன் மடிப்பின் ஓரத்துக்கு இந்த 3.8 மீட்டர் தாராளம்; கருஞ்சிவப்பின் மேல் கறுப்பு அடங்கிப்போகுமா என்பதை மட்டும் திரையை இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.